சொதியும் சோஸும்

1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹோட்டல் பாடசாலை, கொழும்பு காலி வீதியில் இன்று சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனமாக விளங்குகின்றது. யாழ்ப்பாணத்து அடுக்களையிற் கற்றது போதாதென்றெண்ணி, நாம் அங்கே மாணவராய்ச் சேர்ந்தோம்.

ஒருநாள் ஹொலண்டேஸ் என்னும் பிரெஞ்சு சோஸ் எம்மைச் சோதித்தது. முட்டை மஞ்சட்கருவை இளஞ்சூட்டில் அடித்து, உருகிய வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். அவசரத்தால் அனலைக் கூட்டினோம். கலவை திரைந்து போயிற்று.

“மஞ்சட்கரு ஏறத்தாழ 70 பாகை செல்சியஸில் இறுகிவிடும், மீண்டும் தொடங்குங்கள்” என்றார் ஆசிரியர், முகங் கோணாமல்.

அக்கணமே அம்மாவின் குரல் செவியில் ஒலித்தது: “பால் திரைஞ்சிடும், நெருப்பைக் குறை பிள்ளை!” சொதிச் சட்டியருகே பன்முறை கேட்டும் நாம் பொருட்படுத்தாத பாடம் அது.

இரண்டாம் முறை சோஸ் பதமாய் வந்தது. அன்றிரவே அம்மாவுக்குக் கடிதம் வரைந்தோம்.