கடைசியாக வருகிறவர்



எண்ணாகமம் இரண்டாம் அதிகாரத்தை நின்று நிதானித்து வாசிக்கிறவர்கள் நம்மில் குறைவு. கோத்திரங்களின் பெயர்களும் எண்ணப்பட்டவர்களின் தொகைகளும் அடுக்கடுக்காக வருகிற அதிகாரம் அது. வருடந்தோறும் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கிற வைராக்கியமுள்ளவர்களும் அவ்விடத்தில் கண்ணை ஓடவிட்டுக் கடந்து போவதுண்டு. இந்த வாரம் திங்கள் முதல் சனி வரை, நாகர்கோவிலிலுள்ள ஒரு சைக்கிள் குழுவோடு அதிகாலைகளில் பயணம் செய்தேன். வியாழக்கிழமை இரவு, வலிக்கிற கால்களோடு அமர்ந்து நான் தேடித் திறந்தது அந்த அதிகாரத்தைத்தான்.

இது பந்தயத்திற்குப் பயிற்சி பெறுகிற குழு அன்று. வங்கி ஊழியர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், இரவுப்பணி முடித்து நேராக வருகிற செவிலியர் ஒருவர், தையற்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, பணி ஓய்வு பெற்ற சிலர் என்று கலந்த கூட்டம். மதமும் சாதியும் கேட்பாரில்லை. காலை 5.15 மணிக்கு வடசேரியில் கூடுவார்கள். 8 மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். சிலரிடம் விலையுயர்ந்த கியர் சைக்கிள் உண்டு. தையற்கடைக்காரரோ கேரியர் வைத்த 20 ஆண்டுப் பழைய சைக்கிளில் வருகிறார்; கல்லூரி மாணவர்களை முந்தியும் போகிறார். என் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதை அறிந்த செவிலியர்தான், "ஒரு வாரம் வந்து பாருங்க, பாஸ்டர்" என்று அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் நெடுந்தூரம் போவார்கள். அது எனக்கு ஆகாத காரியம்.

புதியவனாகிய எனக்கு முதல் நாள் கற்பிக்கப்பட்டது காற்றைப் பற்றிய பாடம். சமதளச் சாலையில் சற்று வேகமாகப் போகும்போது நம் கால்கள் செலவிடுகிற வலிமையில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு மூன்றடி இடைவெளியில் சென்றால் அவர் பிளந்த காற்றின் மறைவில் நாம் போகிறோம். உழைப்பில் கால்பங்கு அளவுக்கு மிச்சமாகும். ஆகையால் முன்னால் போகிறவர் சில நிமிடங்களில் விலகிப் பின்னால் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முன்னே வருவார். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. பின்னால் ஒருவர் நெருங்கி வருவதால் முன்னால் போகிறவருக்கும் சிறிதளவு இலகுவாகிறதாம். முதுகுக்குப் பின்னே சுழன்று இழுக்கிற காற்றை அவர் தணித்துவிடுகிறார் என்று கல்லூரி மாணவர் விளக்கினார். அந்த உதவி அற்பமானது. ஆயினும் அளந்து காணத்தக்கது.

இதைக் கேட்டதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தி கிடைத்துவிட்டதாக உள்ளம் துள்ளியது. ஊழியக்காரர்களின் மனம் அப்படிப்பட்டது. டீக்கடையில் பால் பொங்கினாலும் அதில் ஓர் உவமை தேடுவோம். ஆனால் செவ்வாய்க்கிழமை என் கவனம் முன்னால் போகிறவரைவிட்டுக் கடைசியில் வருகிறவரிடம் திரும்பியது.

ஒவ்வொரு நாளும் ஒருவர் கடைசியாக வர நியமிக்கப்படுகிறார். அவரை 'ஸ்வீப்' என்கிறார்கள். எல்லாரும் அவருக்கு முன்னால் இருக்க வேண்டும்; அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கலாகாது. யார் பஞ்சராகி நின்றாலும் அவர் நிற்பார். யார் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவரும் அவ்வளவு மெதுவாகவே போவார். பம்பு, மாற்று டியூப், டயர் கழற்றுகிற லீவர், தண்ணீர், குளுக்கோஸ், நான்கைந்து வாழைப்பழம் எல்லாம் அவர் பையில் இருக்கும். பலவீனர் எப்படியும் பின்தங்குவார், அவரே கடைசியாக வந்து சேரட்டும் என்று இவர்கள் விட்டுவிடுவதில்லை. குழுவில் வலிமை மிகுந்தவரையே பெரும்பாலும் அந்த இடத்தில் வைக்கிறார்கள்.

இந்த வாரத்தில் பல நாட்கள் அங்கே வந்தவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், வயது 61. எங்களையெல்லாம் எளிதாக விட்டுவிட்டுப் போகக்கூடியவர். ஆயினும் என் நிமித்தம் ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தார். உங்களுக்குச் சலிப்பாக இல்லையா என்று கேட்டேன். "லைன் வேலையில கீழ ஏணியைப் புடிச்சிட்டு நிக்கிறவனுக்கும் சம்பளம் உண்டு, பாஸ்டர்" என்றார்.

புதன்கிழமை மழை. ஒழுகினசேரி தாண்டுமுன் நனைந்து திரும்பிவிட்டோம்.

வியாழக்கிழமை ஆரல்வாய்மொழிப் பக்கம் போனோம். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே வீசுகிற காற்றை நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்லுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய்க்குள் நெருக்குண்டு, வேகமெடுத்துக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பது அதனால்தான். நாகர்கோவிலிலிருந்து போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். தோவாளையில் பூச்சந்தைக்கு வந்திறங்கிய பிச்சிப்பூவின் மணம் எங்களோடு சிறிது தூரம் ஓடி வந்தது. மிதிக்காமலே சக்கரம் உருண்டது. போகும்போது எல்லாரும் பலசாலிகளே.

அன்று எங்களில் 14 பேர். அவர்களில் ஒருவர் நம் சபையைச் சேர்ந்தவர். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அவருடைய மனைவி இரண்டு ஆண்டுகளுக்குமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். அதன்பின் சில மாதங்கள் கோயிலுக்கு வந்தார், பிறகு நின்றுவிட்டார். நானும் சபை மூப்பர்களும் பலமுறை வீட்டுக்குப் போயிருக்கிறோம், ஜெபித்திருக்கிறோம். அன்போடு காபி கொடுப்பார், "வாறேன் பாஸ்டர்" என்பார்; வரமாட்டார். திங்கட்கிழமை வடசேரியில் ஹெல்மெட் அணிந்து நின்ற அவரைக் கண்டபோது இருவருமே சற்றுத் தடுமாறினோம். எட்டு மாதங்களாக ஒரு நாளும் தவறாமல் இந்தக் குழுவுக்கு வருகிறாராம்.

திரும்பும் வழியில் காற்று எங்களைப் பிரித்துப்போட்டது. இளைஞர்கள் முன்னே மறைந்தார்கள். அவரும் நானும் பின்தங்கினோம். லாரி ஒன்று கடந்தால் சைக்கிள் ஒரு முழம் விலகிப்போகும். அப்பொழுது, எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த லைன்மேன் வேகமாக மிதித்து எங்கள் இருவருக்கும் முன்னால் வந்தார். "என் வீலை மட்டும் பாத்து வாங்க. வேற ஒண்ணையும் பாக்க வேண்டாம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவ்வப்போது தோளுக்குமேல் திரும்பிப் பார்ப்பார். இடைவெளி கூடினால் மிதிப்பதை நிறுத்துவார். தோவாளைக்கு வந்து சேர ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்று. மற்றவர்கள் ஒரு டீக்கடையின் முன்னே நின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியை விரலை நீட்டி, "பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு" என்று எண்ணி முடித்தார். ஒருவரும் கை தட்டவில்லை. ஏன் தாமதம் என்றும் கேட்கவில்லை. டீ வந்தது.

பெஞ்சில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அவர், நான் ஒன்றும் கேளாதிருக்கையில் பேசத் தொடங்கினார்.

"சர்ச்சுல ஆம்பிளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் இல்லையா, பாஸ்டர். முப்பது வருஷமா ஆராதனை முடிஞ்சதும் வேப்பமரத்தடியில அவளுக்காக நிப்பேன். எல்லார்கிட்டயும் பேசி முடிச்சிட்டு அவ வர அரைமணி ஆகும். எனக்கு எரிச்சலா வரும். அவ போன பிறகும் கால் தானா அங்க போய் நின்னுது. ஒவ்வொருத்தரா வண்டியை எடுத்துட்டுப் போனாங்க. காம்பவுண்டு காலியாச்சு. நான் எதுக்கு நிக்கேன்னு எனக்கே தெரியல."

சற்று நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பின்பு, "இங்க தலையை எண்ணுறாங்க" என்றார்.

தம்மை யாரும் புண்படுத்தவில்லை என்றும் சொன்னார். தேவனை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், இரவில் வேதம் வாசிக்காமல் படுப்பதில்லை என்றார். அதை நான் நம்புகிறேன். நம்பிக்கை குன்றியவர் பேசுகிற பேச்சாக அது இல்லை.

அன்றிரவு எண்ணாகமத்தைத் திறந்தேன். பாளயம் புறப்படும்போது யூதாவின் கொடி முதலில் செல்லுகிறது. அதன்கீழ் எண்ணப்பட்டவர்கள் 1,86,400 பேர். கடைசியில் தாணின் கொடி. அதன்கீழ் தாண், ஆசேர், நப்தலி என்னும் மூன்று கோத்திரத்தார் 1,57,600 பேர். நான்கு பிரிவுகளில் மிகப் பெரியது முன்னே, அதற்கடுத்த பெரியது கடைசியிலே. ரூபனுடையதும் எப்பிராயீமுடையதும் இவற்றைவிடச் சிறியவை. அவை இடையில் செல்லுகின்றன. பத்தாம் அதிகாரத்தின் 25ஆம் வசனத்தில் தாணின் பாளயத்தைக் குறித்து வருகிற எபிரெயச் சொல்லை ஆங்கில வேதாகமங்கள் பின்காவல் என்று பொருள்படப் பெயர்த்திருக்கின்றன. அச்சொல்லின் நேர்பொருள் சேர்த்துக்கொள்ளுகிறவன் என்பதே. சங்கீதங்களின் தலைப்புகளில் நாம் காணும் ஆசாப் என்ற பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். வழியில் விழுந்ததையும் நின்றுபோனவரையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வருகிறவன்; நம் சைக்கிள் குழுவின் வார்த்தையில் ஸ்வீப்.

ஏன் அங்கே அவ்வளவு பெரிய படை? ரெவிதீமில் அமலேக்கியரோடு நடந்த யுத்தம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மோசேயின் கைகள் தளர்ந்ததும், ஆரோனும் ஊரும் அவற்றைத் தாங்கியதும் யாத்திராகமம் 17இல் இருக்கின்றன. அங்கே சொல்லப்படாத ஒன்றை மோசே உபாகமம் 25இல் நினைப்பூட்டுகிறார். அமலேக்கு வந்து வெட்டியது முன்னணியை அன்று. இளைத்துப்போய்ப் பின்னால் தள்ளாடி வந்தவர்களை. ரெவிதீம் முன்பு நடந்தது. பாளயத்தின் ஒழுங்கு அதற்குப்பின் சீனாயில் கொடுக்கப்பட்டது. அதினிமித்தமே இது ஏற்பட்டது என்று வேதம் சொல்லவில்லை; நானும் அதை உபதேசமாக்கத் துணியேன். ஆனால் சீனாயைவிட்டுப் புறப்பட்ட நாளில் தள்ளாடுகிறவர்களுக்குப் பின்னால் ஒன்றரை லட்சம் பேர் நடந்தார்கள் என்பது எழுதியிருக்கிறது. (தாண் கோத்திரத்தார் பிற்காலத்தில் விக்கிரகத்தின் பின்னே போனதும், வெளிப்படுத்தல் ஏழாம் அதிகாரப் பட்டியலில் அவர்கள் பெயர் காணப்படாததும் வேறொரு வாரத்துச் சிந்தனைக்குரியவை.)

பாபிலோனிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஏசாயா 52:12 சொல்லுகிற ஆறுதலிலும் அதே சொல் வருகிறது. அங்கே ஜனத்திற்கு முன்னே போகிறவரும் கர்த்தரே, பின்னே சேர்த்துக்கொண்டு வருகிறவரும் அவரே. அதை வாசித்தபோது, பின்னாலிருந்து மிதித்து எங்களுக்கு முன்னே வந்த அந்த லைன்மேனின் காக்கி அரைக்கால் சட்டை என் கண்முன் நின்றது. தேவனுடைய மகிமையை நினைக்க வேண்டிய வேளையில் இப்படியா என்று சிரித்தும்கொண்டேன்.

நம் சபைகளுக்கு முன்வரிசை அழகாக இருக்கிறது. பவனியில் சிலுவை முன்னே போகிறது, பாடகர் குழு பின்தொடருகிறது. கன்வென்ஷனுக்குப் பிரசங்கியார் வருகிறார். அசனத்திற்கு எத்தனை மூட்டை அரிசி என்று மாதம் முன்னதாகவே கணக்குப் போடுகிறோம். காணிக்கையைக் கடைசி ரூபாய் வரை இருவர் எண்ணிக் கையெழுத்திடுகிறார்கள். அது நல்ல ஒழுங்கு. அதைக் குறை சொல்லேன். ஆராதனை முடிந்தபின் கடைசியாக வாசலைவிட்டுப் போகிறவர் தனியாகப் போகிறாரா என்பதைப் பார்க்க மட்டும் ஒருவரையும் நாம் நியமித்ததில்லை. இதற்கென்று ஒரு குழு அமைத்து, செயலாளர், பொருளாளர் தெரிந்தெடுத்து, வாசலில் பிளெக்ஸ் கட்டிவிடுவார்களோ என்று எனக்கு இப்பொழுதே அச்சமாயிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பையைத் தோளில் போட்டுக்கொள்ள ஒருவர் போதும்.

இன்று சனிக்கிழமை கன்னியாகுமரிக்குப் போய் வந்தோம். புறப்படுமுன் லைன்மேன் தம் பையைக் கழற்றி நம் சபைச் சகோதரரிடம் கொடுத்து, "இன்னைக்குக் காத்து குறைவு, நீங்க கடைசியில வாங்க" என்றார். சுசீந்திரம் தாண்டியதும் கல்லூரி மாணவர் ஒருவரின் செயின் அறுந்தது. நாங்கள் கொட்டாரத்தில் காத்திருந்தோம். ஏறத்தாழ 40 நிமிடம் கழிந்து, மாணவர் முன்னும் அவர் பின்னுமாக வந்தார்கள். அவர் கை இரண்டிலும் கிரீஸ். ஆசிரியை எண்ணத் தொடங்குமுன் அவரே, "எல்லாரும் வந்தாச்சு, எனக்குப் பின்னால யாரும் இல்ல" என்றார்.

நாளைக் காலை ஆராதனை 8.30 மணிக்கு. அவர் வருவதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை வாசிக்கிற நம் சபையார் அவர் யாரென்று ஊகித்துவிடுவீர்கள், நம் ஊர் அவ்வளவு பெரியதல்ல. அவர் வந்தால் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு, ஏன் இத்தனை நாள் காணவில்லை என்று விசாரிக்க வேண்டாம். வண்டிச் சாவியை எடுக்குமுன் வேப்பமரத்தடியில் கொஞ்சம் நில்லுங்கள். நானும் அங்கே இருப்பேன்.