யாருடைய முழம்?

ஒன்பது வயது விசித்திரமான வயது. அதுவரை தாயின் சொல்லையே வேதவாக்காகக் கொண்டிருந்த குழந்தை, ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து, “அது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கிறது. அந்தக் கேள்வியில் குறும்பைவிடக் கலக்கமே மிகுதி. பேரக்குழந்தைகளை வளர்த்தெடுத்த முதியோர் அந்தப் பார்வையை ஒருமுறையேனும் கண்டிருப்பர்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், வைக்கோல் நிலங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் வாழும் தாய் ஒருத்திக்கு அந்தக் கேள்வி ஒரு வசந்த காலத்தில் வந்தது. மார்ச் மாதத்தில் அவளுடைய தாயார் காலமானார். மகனுக்கு அப்போது எட்டரை வயது. “பாட்டி இப்போது வலியில்லாமல் நிம்மதியாக இருக்கிறாள்” என்று அவனைத் தேற்றினாள். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றான் சிறுவன். அவளிடம் விடை இல்லை. அன்று முதல் அவன் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. கதை சொன்னால் நடுவில் மறித்துச் சான்று கேட்டான். தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற அவளுடைய தந்தையோ, மனைவியை இழந்தபின் மகள் வீட்டிற்கு வந்து, சமையலறைச் சன்னலோரம் பேச்சின்றி அமர்ந்திருந்தார்.

மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்து வந்தவள் அவள். முதல் இரண்டு வகுப்புகள் முடிந்திருந்தன. செப்டம்பரில் தொடங்க வேண்டிய மூன்றாம் வகுப்புக்கு அந்தக் கோடையில் அவள் திட்டம் வகுக்க வேண்டியிருந்தது.

அவள் கைக்கொண்டது வால்டார்ஃப் கல்விமுறை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் தலைவர் எமில் மோல்ட், தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டுமென விரும்பினார். ருடால்ஃப் ஸ்டைனர் அதை அமைத்துக் கொடுத்தார். 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அப்பள்ளி திறக்கப்பட்டது. ஆலையின் பெயரே பள்ளிக்கும், பின்னர் அந்தக் கல்விமுறைக்கும் நிலைத்தது. அமெரிக்காவின் முதல் வால்டார்ஃப் பள்ளி 1928இல் நியூயார்க் நகரில் தோன்றியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இம்முறை பிறந்த ஜெர்மனியில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அதற்கு இடமுண்டு.

இம்முறையில் நாளின் முதல் இரண்டு மணி நேரம் ஒரே பாடத்திற்கு உரியது. மூன்று நான்கு வாரங்கள் அந்த ஒரு பாடமே தொடரும். பின்னர் அதை ஓய்வில் விட்டு வேறொன்றைத் தொடங்குவார்கள். அச்சிட்ட பாடநூலுக்குப் பெரிதும் வேலை இல்லை. முதல் நாள் கதையைக் கேட்ட குழந்தை, ஓர் இரவு உறங்கி எழுந்து, மறுநாள் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்லும். தேன்மெழுகு வண்ணக்கோல்களால் படம் வரையும். அடுத்த நாள் எழுதும். கோடிடாத வெள்ளைத் தாள்களில் குழந்தை தானே எழுதி வரைந்த ஏடே அதன் பாடநூல்.

ஸ்டைனரின் ஆன்மிகக் கொள்கைகள் அனைத்தையும் அந்தத் தாய் ஏற்றவள் அல்லள். ஆயினும், ஒன்பதாம் வயதைப் பற்றி அவர் சொன்னது அவள் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. அந்த வயதில் குழந்தை, உலகம் வேறு, தான் வேறு என முதன்முறையாக உணர்கிறது; ஒரு தோட்டத்தின் கதவு தனக்குப் பின்னால் மூடப்பட்டதுபோல் தனிமை கொள்கிறது என்பது அவர் கருத்து. மூன்றாம் வகுப்பின் பாடங்கள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன. முதலில் எபிரெய மக்களின் பழைய ஏற்பாட்டுக் கதைகள்: உலகப் படைப்பு, ஏதேன் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஆதாமும் ஏவாளும், வெள்ளத்தில் மிதந்த நோவாவின் பேழை. தோட்டத்தை விட்டு வெளியேறியவன் பிழைப்பதற்கு என்ன செய்ய வேண்டும்? நிலத்தை உழ வேண்டும்; உடை நெய்ய வேண்டும்; வீடு கட்ட வேண்டும். இவை அனைத்திற்கும் அளக்கத் தெரிய வேண்டும். ஆகவே கதைகளைத் தொடர்ந்து உழவும், கம்பளியும், வீடு கட்டுதலும், நீளம், எடை, காலம், பணம் ஆகியவற்றின் அளவைகளும் வருகின்றன. கலங்கி நிற்கும் குழந்தையின் கையில் உறுதியான வேலை ஒன்றைக் கொடுப்பதே இதன் உட்கருத்து.

அரசின் கணக்கு வேறு. நியூயார்க் மாநிலத்தில், வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் ஜூலை 1ஆம் தேதிக்குள் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பின்னர் ஆண்டுக்கான கல்வித் திட்டமும், நடுவில் நான்கு காலாண்டு அறிக்கைகளும், இறுதியில் ஆண்டு மதிப்பீடும் தர வேண்டும். ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரக் கல்வி கட்டாயம். 36 வாரங்கள், வாரத்திற்கு 5 நாட்கள் எனக் கொண்டால் 180 நாட்கள்; நாளொன்றுக்கு 5 மணி நேரம். ஆகவே அவள் இரண்டு பேரேடுகள் வைத்துக்கொண்டாள். ஒன்றில் “ரொட்டி சுடுதல்” என்று எழுதினால், மற்றொன்றில் மாவை நிறுத்தது எண்கணிதத்திலும், மாவு புளித்தது அறிவியலிலும், செய்முறையைப் படித்தது வாசிப்பிலும் வரவாயின.

ஜூலை முடிவதற்குள் அட்டவணை நிறைந்துவிட்டது. மூன்று மூன்று வாரங்களாகப் பன்னிரண்டு பாடங்கள். ஒரு நாளும் வெறுமையாக இல்லை. மகன் மனத்தில் விழுந்த பள்ளத்தைப் பாடங்களால் நிரப்பிவிடலாம் என்று அவள் எண்ணினாள் போலும். வீடு கட்டும் பாடத்திற்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி நின்றது. அவளுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. கணவன் வேலையிலிருந்து திரும்ப இருட்டிவிடும்.

ஒரு மாலை அட்டவணையைத் தந்தையின் முன் வைத்தாள். “அப்பா, வசந்த காலத்தில் ஒரு சிறு விறகுக் கொட்டகை கட்ட இவனுக்கு நீங்கள் கற்றுத் தர வேண்டும்.”

அவர் இரு கைகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. “இந்தக் கையால் உளி பிடிக்க முடியாதம்மா. வேறு யாரையாவது பார்” என்றார். பின்னர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, “இதில் மூச்சு விட நேரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டு, பழையபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கு வருத்தம் மிகுந்தது. ஆயினும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்டு மாதத்தில், கதை சொல்லிப் பழகிப் பார்ப்பதற்காக ஒரு நாள் காலை மெழுகுவத்தியை ஏற்றி வைத்து நோவாவின் கதையைத் தொடங்கினாள். தேவாலயத்திற்குத் தவறாமல் சென்றவர் அவளுடைய தாயார். அவளோ அக்கதையை வாய்விட்டுச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று ஆதியாகமம் கூறுவதைச் சொன்னாள்.

“முழம் என்றால் என்ன?”

“முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை.”

சிறுவன் தன் கையை நீட்டிப் பார்த்தான். “யாருடைய முழங்கை?”

பூக்காரியிடம் முழம் போட்டுப் பூ வாங்கியவர்களுக்கு இக்கேள்வியின் நியாயம் உடனே விளங்கும். நூலில் அவள் படித்து வைத்திருந்த விடை ஒன்று இருந்தது: முழம் என்பது ஏறத்தாழ 18 அங்குலம். அதைச் சொல்ல அவள் வாய் திறப்பதற்குள், சன்னலோரத்திலிருந்து ஒரு கை நீண்டது.

“இங்கே வா. என் கையை அள” என்றார் தாத்தா.

அளந்தார்கள். தாத்தாவின் முழம் 18 அங்குலம். பேரனின் முழம் 13 அங்குலம். 300 முழத்தைப் பெருக்கிப் பார்த்தபோது, தாத்தாவின் கையால் பேழை 450 அடி. பேரனின் கையால் 325 அடி. நடுவே 125 அடி வேறுபாடு. அது எவ்வளவு தொலைவு என்பதைச் சிறுவன் கண்ணால் பார்க்க விரும்பினான். கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு இருவரும் வைக்கோல் நிலத்திற்குச் சென்றனர். பல வாரங்களுக்குப் பின் அந்த முதியவர் படியிறங்கியது அன்றுதான். இரண்டு பேழைகளின் நீளத்திற்கும் முளை அடித்து, நடுவே வெறுமையாகக் கிடந்த நிலத்தைச் சிறுவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எந்த முழம் சரி, தாத்தா?”

“இரண்டும் சரிதான். ஆனால் ஒரு வீட்டை ஒரே கையால்தான் அளக்க வேண்டும். கதவை ஒரு கையும் நிலையை மற்றொரு கையும் அளந்தால், கதவு மூடாது.”

அன்றிரவு தாய் தன் அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தாள். வீட்டில் இரண்டு முழங்கள் இருந்ததை அவள் உணர்ந்தாள். ஒருபுறம் மகனை அமைதிப்படுத்த விரும்பினாள். மறுபுறம் அவன் பின்தங்கிவிடுவானோ என்று அஞ்சி ஒவ்வொரு நாளையும் அடைத்து வைத்தாள். அழிப்பானை எடுத்தாள். பன்னிரண்டு பாடங்கள் ஒன்பதாயின.

செப்டம்பரில் நான்கு வாரம் படைப்பிலிருந்து நோவா வரையிலான கதைகள். அதன்பின் மூன்று வாரம் நீள அளவைகள்: முதலில் சாணும் முழமும் காலடியும், பின்னரே அடிக்கோல். நவம்பரை ஒட்டி நான்கு வாரம் ஆபிரகாம், யோசேப்பு கதைகளோடு பெயர்ச்சொல், வினைச்சொல். பனி விழத் தொடங்கியதும் மூன்று வாரம் பணமும் கணக்கும். புத்தாண்டில் மூன்று வாரம் கடிகாரமும் நாட்காட்டியும். பிப்ரவரியில் நான்கு வாரம் கம்பளி: கழுவுதல், சீவுதல், நூற்றல், வெங்காயத் தோலால் சாயமிடுதல். அடுத்து நான்கு வாரம் மோசேயின் கதையும் எழுத்தும். மூன்று வாரம் எடையும் ரொட்டியும். இறுதியில் ஐந்து வாரம் விறகுக் கொட்டகை. ஆக 33 வாரங்கள். எஞ்சிய மூன்று வாரங்களை அவள் வெறுமையாகவே விட்டாள். குழந்தை நோயுறும் நாட்களும், கேள்விகள் மிகுந்து பாடம் நகராத நாட்களும் அதில் வந்து அமரட்டும் என்று எண்ணினாள்.

கொட்டகைக்கு நேரே இருந்த கேள்விக்குறியை அழிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது, அந்த இடத்தில் நடுங்கிய கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: “6 அடிக்கு 4 அடி. அறுப்பது பையனும் அவன் அப்பாவும், சனிக்கிழமைகளில். அளப்பது என் பொறுப்பு.”

செப்டம்பர் மாத இறுதியில், வீட்டின் பின்புறம் ஒரு சிறு பாத்தியில் குளிர்காலக் கோதுமையை விதைத்தனர். அந்த மாநிலத்தில் அது இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, சிறிது முளைத்து, பனிக்கடியில் உறங்கி, ஜூலையில் அறுவடைக்கு வரும். மண்ணை மூடிவிட்டு நிமிர்ந்த சிறுவன் கேட்டான்: “இத்தனை பனியில் இது செத்துப் போகாதா?”

“போகாது. இந்தக் கோதுமைக்குக் குளிர் பட வேண்டும். படாவிட்டால் கதிர் விடாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சமையலறை வாசலில் நின்ற தாய் மூச்சை அடக்கிக்கொண்டாள். கிழவர் சிறிதும் தயங்கவில்லை.

“ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஜூலையில் நீயே பார்.”

சிறுவன் சற்று யோசித்துத் தலையசைத்தான். மறுநாள் தன் ஏட்டில் பாத்தியின் படத்தை வரைந்தான். அடுத்த நாள் விதைத்த தேதியை எழுதினான். அவன் அறையில் இரவு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் கதையின் நடுவே அவன் மறிப்பது குறைந்திருந்தது.

அரசுக்கு அனுப்பிய திட்டம் ஜூன் மாதத்தோடு முடிகிறது. ஜூலை 180 நாட்களுக்கும் 900 மணி நேரத்திற்கும் அப்பாற்பட்டது. எனினும், தன்னிடமிருந்த பிரதியின் அடியில் அந்தத் தாய் மேலும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்: “ஜூலை: கோதுமை அறுவடை. தாத்தாவும் பேரனும்.”