சுவரில் ஓர் அமானிதம்

எங்கள் வீட்டு முன்கூடத்தில், பாடம் செய்யப்பட்ட காட்டெருமைத் தலை ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராக இருந்த என் பாட்டனாருக்கு, தாயகம் திரும்பிய ஆங்கிலேய மேலாளர் கொடுத்துச் சென்றது. நுனி கறுத்த கொம்புகளும், சாம்பல் நிற நெற்றியும், கண்ணாடிக் கண்களும் கொண்ட அந்தத் தலையின் கீழேதான் நாங்கள் வளர்ந்தோம்.

நோன்புக்கு முன் வீட்டைக் கழுவித் துடைக்கும் நாளில் அதற்கும் குளியல் உண்டு. உம்மா துடைப்பத்தால் தட்டி, ஈரத்துணியால் துடைப்பார்கள். முகத்தில் படிந்த தூசியை முந்தானையால் ஒற்றிக்கொண்டு அப்படியே அடுப்படிக்குச் செல்வார்கள். நானோ நாற்காலியில் ஏறி அதன் மூக்கைத் தடவி விளையாடுவேன்.

வாப்பா மௌத்தான பின் பொறுப்பு என்னிடம் வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய பொருளை வாரிசாகப் பெறுபவர் 90 நாட்களுக்குள் வனத்துறையிடம் அறிவிக்க வேண்டும். அதை விற்கவும் கூடாது. வாப்பா பத்திரப்படுத்தியிருந்த உரிமைச் சான்றிதழுடன் அலுவலகம் சென்றேன். அங்கிருந்த முதியவர் ஒருவர், "வெறுங்கையால் தொடாதீர்கள் தம்பி, பழைய தோலில் பாஷாணம் இருக்கும்" என்றார்.

திடுக்கிட்டேன். விசாரித்தபோது அவர் கூறியது மெய்யென்று தெரிந்தது. பூச்சி அரிக்காமலிருக்கத் தோலில் ஆர்செனிக் கலந்த சோப்பைப் பூசும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. அந்த நஞ்சு காலத்தால் அழிவதில்லை, பார்வைக்கும் புலப்படுவதில்லை. முடியிலும் தூசியிலும் கலந்து கிடக்கும். என்னைப் போலவே அந்த மூக்கைத் தடவப் பழகியிருந்தாள் என் ஆறு வயது மகள்.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். குழந்தைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்கிறேன். ஹெப்பா வடிகட்டி பொருத்திய தூசு உறிஞ்சியை அருகில் பிடித்து, மென்தூரிகையால் முடி படிந்த திசையிலேயே தூசியை அதனுள் தள்ளுகிறேன். சாதாரண உறிஞ்சியோ நுண்தூசியை மீண்டும் அறைக்குள்ளேயே பரப்பிவிடும். கண்ணாடிக் கண்களுக்கு மட்டும் சற்றே நனைத்த பஞ்சு. தோலில் நீர் படலாகாது. பல்லாண்டு ஈரத்துணியால்தான் இடது காது வெடித்திருக்கிறது. வெயிலும் சமையற்புகையும் எட்டாத சுவருக்கு, பிள்ளைகளின் கை எட்டாத உயரத்திற்கு, அதனை மாற்றியுள்ளேன். கீழே முடியோ பொடியோ உதிர்ந்திருந்தால் பூச்சி புகுந்துவிட்டதென அறியலாம். ஆதலால் வாரந்தோறும் தரையைப் பார்க்கிறேன்.

செய்தியைச் சொன்னபோது உம்மா தம் கைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இத்தனை வருஷமும் வெறுங்கையாலல்லவா துடைத்தேன் வாப்பா" என்றார்கள். அவர்கள் நலமாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அன்போடு பேணுவதே போதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நம்மிடம் வந்து சேர்ந்த பொருள் எதனால் ஆனது என்று அறிந்துகொள்வதும் அமானிதத்தில் சேர்ந்ததே. உங்கள் வீட்டுச் சுவரிலும் பாட்டனார் காலத்து மான்தலையோ பறவையோ இருக்குமானால், இவ்வாண்டு நோன்புக்கு முன் துணியை எடுக்கும் முன்னர், ஒருகணம் பொறுங்கள்.