ஈரக்காற்றும் காதுமெத்தையும்

கணினி விளையாட்டுக்கான ஹெட்செட், இரு காதுகளின்மேலும் அமரும் சிறு ஒலிபெருக்கிகளோடு பேசுவதற்கான மைக்கும் சேர்ந்த அக்கருவி, பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் விளையாடுபவரை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் என விரியும் காவிரிப் படுகையிலோ அது வந்து சேரும் அறையில் மின்விசிறி முழுவேகத்தில் சுழல்கிறது, கத்திரி வெயில் ஓய்ந்த சில மாதங்களிலேயே ஐப்பசி அடைமழையின் ஈரம் சுவரில் ஏறி நிற்கிறது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகு, பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி விளையாடிய பிள்ளைகள் பலருக்கு விளையாட்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஹெட்செட் வாங்குபவர், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களைப் படிப்பதற்கு முன் தம் அறையின் காற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது காதுமெத்தை எனப்படும் பஞ்சு வளையம். மலிவான, இடைப்பட்ட விலையுள்ள கருவிகளில் அதன் உறை பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலாக இருக்கும். அது தொட மென்மையானது, வெளிச்சத்தத்தையும் ஓரளவு தடுக்கும், ஆயினும் வியர்வையை உறிஞ்சாது. வெப்பமும் ஈரமும் சேருமிடத்தில் நீர் அதன் வேதிப்பிணைப்புகளை மெல்ல அறுப்பதால் (இதனை நீராற்பகுப்பு என்பர்) உறை கறுப்புச் செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டத் தொடங்கும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இந்தச் சிதைவு நிற்பதில்லை. துணியாலோ, வெல்வெட்டை ஒத்த வெலூராலோ ஆன உறை சிறிது சத்தத்தைக் கசியவிட்டாலும் காதுக்குக் காற்று தருவதால் இம்மண்ணுக்கு அதுவே ஏற்றது. அதைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை தனியே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்காமல் பணத்தைக் கொடுக்கலாகாது. ஹெட்செட்டின் எடை பொதுவாக 250 முதல் 350 கிராம் வரை இருக்கும். அதைவிடத் துன்பம் தருவது தலைவளையம் பக்கவாட்டில் இறுக்கும் விசை, குறிப்பாகக் கண்ணாடி அணிபவருக்கு. அந்த வலி அரைமணி கழித்தே தெரியவரும் என்பதால் கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்ப்பது போதாது.

அடுத்த சிக்கல் மின்விசிறி. 1968இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 414 ஹெட்போன் பரவலாக்கிய திறந்த வகையில், காதுக்கூட்டின் பின்புறம் காற்றையும் ஒலியையும் விடுகிறது. வெக்கைக்கு அது இதமானது, ஒலியும் விரிந்து கேட்கும், ஆனால் விசிறியின் இரைச்சலும் தடையின்றி உள்ளே நுழையும். அந்த இரைச்சலை வெல்ல விளையாடுபவர் ஒலியளவைக் கூட்டுவார், தீங்கு தொடங்குவது அங்கேதான். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணிநேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை; 3 டெசிபல் கூடும்தோறும் அந்நேரம் பாதியாகக் குறைவதால் 89 டெசிபலில் 5 மணிநேரமே மிஞ்சும், அதனை ஒரு ஞாயிற்றுக்கிழமையே தீர்த்துவிடும். ஆகவே பின்புறம் மூடிய கூடும் துணி உறையும் சேர்ந்த கருவியே இங்கு நடுவழி. மேசை விசிறியைக் கால்பக்கம் வைத்துக்கொண்டால் மைக்கிலும் காற்று மோதாது.

வேலோரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற ஆட்டங்களில் எதிராளியின் காலடி எப்பக்கம் கேட்கிறது என்பது வெற்றியைத் தீர்மானிக்கும். ஒலி இரு காதுகளையும் அடைவதிலுள்ள, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கால வேறுபாட்டாலும் ஒலியளவின் வேறுபாட்டாலும் திசை அறியப்படுவதை 1907இல் ரேலே பிரபு விளக்கினார். எனவே நல்ல ஒலிபெருக்கிகள் இரண்டே போதும். பல திசைகளிலிருந்து ஒலி வருவதாகக் காட்டும் சூழொலியைக் குறித்துப் பெட்டியில் பொறித்த 7.1 பெரும்பாலும் மென்பொருளின் கணக்கு. ஆட்டமே அக்கணக்கைச் செய்யும்போது இன்னொன்றைச் சேர்த்தால் திசை குழம்பும். வெடிச்சத்தம் அதிர வேண்டுமென்று தாழொலியை மிகைப்படுத்தும் கருவிகள் பல உள்ளன. வலிய தாழொலி தனக்கு மேலுள்ள மெல்லொலியை மறைப்பதால் காலடியும் அதில் அமுங்கிப்போகும். இதைச் சோதிக்க இப்பகுதியினருக்கு நாகசுரமும் தவிலும் சேர்ந்த நல்ல பதிவைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற, ஆச்சா மரத்தில் கடையும் நரசிங்கம்பேட்டை நாகசுரம் கோயில் வீதியில் எப்படி ஒலிக்கும் என்பதைக் குழந்தைப் பருவம் முதல் கேட்டுவந்த காது நன்கறியும். ஹரித்துவாரமங்கலம் ஏ. கே. பழனிவேலின் தவிலில், கழி விழும் தொப்பியின் தாழொலி, கூடணிந்த விரல்கள் எழுப்பும் வலந்தலையின் கூரிய ஒலியை மூடாமல் இரண்டும் தனித்தனியே கேட்குமானால் அந்தக் கருவியை நம்பலாம். (நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இச்சோதனைக்கு உதவாது, அக்கால இசைத்தட்டுகள் ஒற்றைத் தடத்தில், தாழொலியின் பெரும்பகுதியை இழந்தே பதிவானவை.)

கடைசியாக, கணினியோடு இணைக்கும் முறை. புளூடூத் இணைப்பில் ஒலி பெரும்பாலும் நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பின்தங்குவதால் விளையாட்டுக்கு அது ஆகாது. தனி யுஎஸ்பி டாங்கிளோடு வருபவை இக்குறையைப் பெரிதும் போக்கினாலும் விலை கூடும். கம்பியுள்ள கருவி சார்ஜ் கேட்பதில்லை. உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோகச் செருகியை அரிக்கும் என்பதால், கம்பியைத் தனியே கழற்றி மாற்றத்தக்க கருவியை வாங்குபவர் செருகி கெட்டாலும் கம்பியை மட்டும் மாற்றிக்கொண்டு தொடர்ந்து விளையாடலாம்.