கோடைக்கு ஒரு சித்தப்பா

1928-ஆம் ஆண்டின் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை இருக்கிறது. காம்ப்டன் விளைவின் வெப்ப இயக்கவியலை எடுத்துக்கொண்டு விண்மீன்களின் உட்புறம் வரை போகிற கட்டுரை. எழுதியவர் மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர். அந்த ஆண்டு அக்டோபரில்தான் அவருக்கு 18 வயது நிறைந்தது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் இந்த வயதை எல்லோரும் மேதைமைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கோ அந்த வருஷத்துக் கோடை விடுமுறையின் மேல்தான் கண். அந்த விடுமுறையில் அவர் கல்கத்தாவுக்குப் போயிருந்தார், சித்தப்பாவின் ஆய்வுக்கூடத்துக்கு.

சித்தப்பா என்றால் சி.வி. ராமன். பௌபஜார் தெரு, 210-ஆம் எண். ராமன் விளைவு கண்ணில் பட்டது அந்த ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி. ஆக, இளைஞர் போய் இறங்கியபோது கண்டுபிடிப்பின் சூடு ஆறியிருக்காது. ஏறத்தாழ 60 திரவங்களை ஒவ்வொன்றாக ஒளியில் வைத்துப் பார்த்திருந்தார்கள். எல்லாவற்றிலும், சிதறும்போது நிறம் மாறிய அந்தப் புது ஒளி தெரிந்தது. வத்திராயிருப்பில் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் படித்து வந்த கே.எஸ். கிருஷ்ணனும் ராமனோடு அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். நல்ல ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்தால் முடிந்துபோன விஷயம் தெளிவாகக் கிடைக்கும். இங்கே இன்னும் முடியாத விஷயம், அதைச் செய்துகொண்டிருப்பவர்கள் வாயிலிருந்தே கிடைத்தது. சாயங்காலம் ஒருவர் சொன்னதை மறுநாள் காலை அவரே மாற்றிச் சொல்வதைக் கேட்க முடிந்திருக்கும். பதினேழு வயதில் அதைக் கேட்பது பெரிய பேறு என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் எந்த வரியும் தயங்குவதில்லை. ஆராய்ச்சி செய்பவர்கள் தயங்குவார்கள்.

கருவிகளோடு சந்திரசேகருக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. தன் வழி காகிதமும் பேனாவும்தான் என்பது அவருக்குத் தெளிவானதில் அந்தக் கோடைக்குப் பங்குண்டு. இதை நான் இழப்பாக எண்ணமாட்டேன். நாலு வருஷம் பட்டம் படித்தும், தனக்கு எது வரும், எது வராது என்று தெரியாமலே வெளியே வருகிற பிள்ளைகளை ஊர் ஊராகப் பார்க்கிறோம். இரண்டு மாதத்தில் அது தெரிந்துவிட்டால் லாபம்தானே.

ராமனுக்கு இப்படி ஒரு சித்தப்பா வாய்க்கவில்லை. 1906-இல், 18 வயதில், அதே பிரசிடென்சி கல்லூரியிலிருந்து தானே ஒளிச் சோதனை செய்து எழுதிய கட்டுரை லண்டன் 'ஃபிலாசஃபிக்கல் மேகஸீன்' இதழில் வந்தது. அதற்குப் பிறகு போக இடமில்லை. அரசாங்க நிதித்துறைப் பரீட்சை எழுதி, 1907-இல் கல்கத்தாவில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தார். டிராமில் போகும்போது பௌபஜாரில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட, இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே வேலை பார்த்த அசுதோஷ் டே. இந்தியர்கள் தாமே விஞ்ஞானம் செய்ய வேண்டும் என்று மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் நிறுவிய சங்கம் அது. அவர் ஆசைப்பட்ட அளவுக்கு ஆட்கள் வரவில்லை. 1904-இல் அவர் காலமாகிவிட்டார். பூட்டிக்கிடந்ததற்குச் சமமான அந்தக் கட்டடத்தில், ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ராமன் பத்து வருஷம் உழைத்தார். அந்தப் பலகை தெருவைப் பார்த்து மாட்டப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

அதே ராமன் 1934-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதெமியைத் தொடங்கினார். இன்று அந்த அகாதெமி, டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் (பழைய அலகாபாத்) உள்ள மற்ற இரண்டு அகாதெமிகளோடு சேர்ந்து, கல்லூரி மாணவர்களுக்குக் கோடை ஆய்வு உதவித்தொகை கொடுக்கிறது. விண்ணப்பத்தோடு, தான் என்ன செய்ய ஆசைப்படுகிறேன் என்று மாணவர் ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். தேர்வானால் நாட்டின் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாதம். டாடா ஆராய்ச்சி நிலையம், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையம், மெட்ராஸ் ஐ.ஐ.டி. எல்லாம் தனித்தனியாகவும் நடத்துகின்றன. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969-இலேயே இளநிலை மாணவர்களை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தை ஆரம்பித்தது. கால்டெக்கின் கோடைத் திட்டம் 1979-இல் வந்தது. விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும். எல்லாவற்றிலும் நான் காண்பது ஒன்றுதான்: ஆய்வுக்கூடம் வைத்திருக்கிற சித்தப்பா இல்லாத பிள்ளைக்கு, ஒரு கோடைக்கு மட்டும் ஒரு சித்தப்பா.

சொந்தச் சித்தப்பாவை விட இந்த ஏற்பாடு மேலானது என்றுகூடச் சொல்வேன். ஒரு மனிதரின் விருப்பத்தில் திறக்கிற கதவு, அவர் விருப்பத்திலேயே மூடிக்கொள்ளும். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரி கமலா பாக்வத் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் இடமில்லை என்று மறுத்தவர் அப்போது அதன் இயக்குநராக இருந்த இதே ராமன்தான். கமலா விடவில்லை; நேரில் போய் வாதாடி, நிபந்தனைகளோடு உள்ளே நுழைந்தார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கமலா சோஹோனி என்ற பெயரில் உயிர்வேதியியலில் நிலைத்தார். ராமனின் அறிவியல்மேல் எனக்குள்ள மரியாதை பெரியது; இந்தச் செயலை மன்னிக்க மனம் வரவில்லை. எழுதிப் போட்ட விதி, எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே கடைசித் தேதி என்பதெல்லாம் எனக்கு அழகாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் தெருவில் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம். அவர்கள் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இப்படி ஒரு கோடைக்கு பெங்களூருக்குப் போனாள். மெல்லிய உலோகப் படலம் பூசுவது வேலை. அதற்கு வெற்றிடக் கலம் வேண்டும். கலத்தில் எங்கோ கசிவு. ரோட்டரி பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அழுத்தமானியில் எண் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. அங்கே பி.எச்டி. செய்துகொண்டிருந்த அக்கா ஒருத்தி வழி சொல்லிக்கொடுத்தாள். தூரிகையில் அசிட்டோன் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வர வேண்டும். கசியும் இடத்தில் அந்த ஆவி உள்ளே போகும், மானியின் எண் சட்டென்று துள்ளும். இவள் நாள்கணக்கில் தடவினாள். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று. கடைசியில் ஒரு ரப்பர் வளையத்தின்மேல் கிடந்த ஒற்றைத் தலைமுடிதான் காரணம் என்று தெரிந்தது. துடைத்து, வளையத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி மூடியதும் எண் இறங்கத் தொடங்கியது. விடுமுறை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. நாலைந்து மாதிரிகள் மட்டும் பூச முடிந்தது.

ஊருக்கு வந்தவளிடம் அவள் அப்பா, என்னம்மா கண்டுபிடிச்சே என்று ஆசையாகக் கேட்டார். "ஒரு முடியப்பா" என்றாள். அவருக்குப் புரியவில்லை. எனக்கு அவள் முழுக்கதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் கைகள் அந்த இணைப்புகளைக் காற்றில் தடவிக்கொண்டிருந்தன. அவள் கல்லூரிச் சோதனைகளில் விடை முன்கூட்டியே பதிவேட்டில் இருக்கும். வராவிட்டால் வந்ததாக எழுதிக்கொள்ளலாம். அந்தக் கலத்திடம் அப்படி எழுதிக்கொள்ள முடியாது. இதை அவளுக்கு யாரும் உபதேசமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

எல்லா இடமும் இப்படி இருப்பதில்லை. கோடைக்கு வந்த பிள்ளையிடம் பழைய அட்டவணைகளைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்கிற வழிகாட்டிகள் உண்டு. சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று முதல் வாரமே கேட்கிற பிள்ளைகளும் உண்டு. செமஸ்டர் தேர்வு நீண்டுகொண்டே போய், கிடைத்த வாய்ப்பை உதறியவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வகையினரை நினைத்தால் வயிறு எரிகிறது.

சந்திரசேகருக்கு வருவோம். அதே 1928-இன் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய அணு நூலைக் கரைத்துக் குடித்திருந்த நம் மாணவர், அவரைத் தேடிப்போய்ப் பார்த்தார். அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்றார் அதை எழுதியவர். உலோக எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதியிருந்த புதுக் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். வேறொரு மாணவர் மனம் ஒடிந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். இவர் அந்தப் புதுப் புள்ளியியலைக் கற்று, காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபௌலருக்கு அனுப்பினார்; 1929-இல் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறினார்; வெண்குறு விண்மீன்களுக்கு நிறையில் ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணக்கு அந்தப் பயணத்தில் பிறந்தது. ஒரு பெரியவரின் கதவைத் தட்டவும், அவர் சொல்லும் 'பழசு' என்ற சொல்லைத் தாங்கவும், பௌபஜார் கோடை அவரைப் பழக்கியிருக்கும் என்பது என் நம்பிக்கை.

கோடைக்கான விண்ணப்பங்களைச் சில இடங்களில் முந்தைய ஆண்டின் மழைக்காலத்திலேயே கேட்டுவிடுவார்கள். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். ஆகவே கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: தீபாவளிக்கு முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். ஏதோ ஒரு சாயங்காலம் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து கடிதம் கேட்டால், நாளைக்கு வா என்று அனுப்பாமல், அவளை உட்காரவைத்து அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.