வராதவர் யார்?

வருகின்ற மே மாதம் மாணவியருக்கு மூன்று நாள் விசுவாச முகாம் நடத்தும் பொறுப்பைச் சிஸ்டர் எங்கள் வகுப்பிடமே ஒப்படைத்தார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை! திருப்பலி, ஜெபமாலை, விவிலிய வினாடி வினா, கலைநிகழ்ச்சி என்று நிகழ்ச்சி நிரல் வளர்ந்தது. இறுதி நாளன்று, 1752-ஆம் ஆண்டு புனித தேவசகாயம் சுடப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் பேருந்தில் செல்வதென்றும், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வசூலிப்பதென்றும் முடிவாயிற்று.

பெயர்ப்பட்டியலைப் பார்த்த சிஸ்டர், "வராதவர் யார்?" என்று மட்டும் கேட்டார்கள். எண்ணினோம். ஒன்பது பேர்! பாடற்குழுவில் முதற்குரல் கொடுக்கும் எங்கள் தோழியும் அவர்களுள் ஒருத்தி. விசாரித்தபோது, "லீவில் அம்மாவோடு பீடி சுற்ற வேண்டும்" என்றாள். பணத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நாங்கள் தலைகுனிந்தோம்.

சாதி வேற்றுமையின்றி அனைவரும் சமம் என்று வாழ்ந்து காட்டியவர் தேவசகாயம். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது மகிழ்ந்தோமே! அவரது மலையைக் காணத் தோழியரை விட்டுச் செல்வது முறையா?

பேருந்தை நீக்கினோம், கட்டணமும் நீங்கியது. முகாம் இனிப் பள்ளி வளாகத்திலேயே, ஆறு மாலை நேரங்களில் நடைபெறும். இயன்றவர் பிடியரிசி கொண்டு வருவர். எல்லோரும் ஒரே பானைக் கஞ்சி குடிப்போம். எட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டனர். அந்த முதற்குரலுக்காகக் காத்திருக்கிறோம். அவள் அம்மாவைக் காண ஞாயிறன்று நாங்களே செல்கிறோம். அன்னை மரியே, எங்களோடு வாரும்!