கூடப் போகிறவர்கள்

எங்கள் குடும்பத்தில் காலண்டரை நம்பி யாரும் வருஷம் சொல்வதில்லை. "அது எப்போது நடந்தது?" என்று கேட்டால், "சின்னவன் கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசி", "பாட்டி காலமான வருஷம்", "கொல்லைப்புறத்து முருங்கை புயலில் சாய்ந்ததே, அப்போது" என்றுதான் பதில் வரும். சரித்திர ஆசிரியர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சௌகரியம் உண்டு. காலண்டரில் முப்பத்தொரு வருஷம் என்பது வெறும் எண். குடும்பக் கணக்கில் அது எவ்வளவு நீளம் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கை ஒரு கோர்ட்டு வழக்குக்குப் போட்டுப் பார்க்கும்படி நேர்ந்தது. அதற்குக் காரணம் ஒரு சினிமா.

2023 ஏப்ரலில் என் அக்காள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அக்காள் வந்தால் வீட்டில் இரண்டு காரியங்கள் நிச்சயம் நடக்கும். ஒன்று, பரணில் கிடக்கும் பாத்திரமெல்லாம் கீழே இறங்கும். இரண்டு, எல்லாரும் சினிமாவுக்குக் கிளம்புவோம். அந்தத் தடவை போனது வெற்றிமாறனின் 'விடுதலை'. மார்ச் 31-ஆம் தேதி வெளியாகி ஊரெல்லாம் பேச்சாக இருந்த படம். சிரிப்பு நடிகர் சூரிதான் கதாநாயகர் என்று யாரோ சொல்லியிருந்ததால், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வரலாம் என்ற எண்ணத்தில் அக்காள் பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு வந்தாள். இடைவேளையில் சோளப்பொரியின் விலையைக் கேட்டுச் சிரித்ததுதான் அன்றைக்கு அவள் சிரித்த ஒரே சிரிப்பு.

மலைக் கிராமத்துப் பெண்களைப் போலீஸ் முகாமுக்கு இழுத்து வந்து வதைக்கும் கட்டம் வந்தபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா தம்பி, கதை எழுதுகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிவிடுவீர்களா? சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் இப்படியும் செய்வானா?"

"படம் கற்பனைதான், அக்கா. ஜெயமோகனுடைய 'துணைவன்' என்ற கதையைத் தழுவி எடுத்தது. ஆனால் உன் பெண் பிறந்தாளே, அதே ஆனி மாதத்தில் நம் தர்மபுரி ஜில்லாவில் நடந்தது கற்பனை அல்ல" என்றேன்.

அவளுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு சிற்றூர். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டையைப் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குள் ஒரு பெரும் படையே நுழைந்தது. வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக மொத்தம் 269 பேர். ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஆடு மாடுகளையும் தானியத்தையும் விட்டுவைக்கவில்லை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் சிறுமியும் உண்டு. இவ்வளவும் போதாதென்று, அந்த ஊர்ப் பெண்கள் மேலேயே சந்தனக் கட்டை வழக்குப் போட்டு, கைக்குழந்தைகளோடு சேலம் சிறையில் அடைத்தார்கள்.

தாக்கியவர்கள் யார்? திருடன் வந்தால் யாரிடம் போய் முறையிட வேண்டுமோ, அவர்களே. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம் என்றால், வந்தவர்களில் போலீசாரே நூற்றுக்கு மேல்! அப்படியிருந்தும் அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. அடையாள அணிவகுப்பிலே, தங்களைச் சீரழித்தவர்களுக்கு எதிரே நின்று அந்தப் பெண்கள் கைநீட்டிக் காட்டினார்கள்.

இனி எங்கள் குடும்பக் கணக்குக்கு வருகிறேன்.

1992 ஆனியில் அக்காள் மகள் பிறந்தாள்; நாங்கள் தெருவுக்கெல்லாம் சர்க்கரை வழங்கினோம். சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவானபோது அவளுக்குக் காது குத்தி முடிந்திருந்தது. அவள் 'அ, ஆ' எழுதினாள், வாய்தா. பல் விழுந்து முளைத்தது, வாய்தா. பாவாடை தாவணி போட்டாள், வாய்தா. 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தபோது அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் ருசுவாயிற்று. அப்புறம் அப்பீல். அக்காள் மகள் உத்தியோகத்துக்குப் போனாள், கல்யாணமாயிற்று, பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் 'விடுதலை' பார்த்த ஏப்ரலில் அப்பீலுக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு நாள் அக்காளிடமிருந்து டெலிபோன். "நீ சொன்னாயே, அந்தக் கேஸ், தீர்ப்பாகிவிட்டதாமேடா!" என்றாள். 2023 செப்டம்பர் 29. முதல் தீர்ப்பு வந்து நாள் தவறாமல் பன்னிரண்டு வருஷம். அப்பீல்கள் தள்ளுபடியாயின. அந்தப் 18 பெண்களுக்கும் தலைக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அன்றைக்கு அந்த ஜில்லாவில் கலெக்டராகவும், போலீஸ் சூப்பிரண்டாகவும், வன அதிகாரியாகவும் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி அரசாங்கத்துக்குச் சொன்னார்.

சினிமாவிலே என்றால், "பத்து வருஷங்களுக்குப் பிறகு" என்று திரையில் எழுத்துப் போட்டுவிடுவார்கள். நாமும் முறுக்கைக் கடித்துக்கொண்டே அந்தப் பத்து வருஷத்தைத் தாண்டிவிடுவோம். அதிகாரம் படைத்தவன் ஜெயிப்பதெல்லாம் அந்தத் தாண்டிப் போன வருஷங்களிலேதான். அவனுக்குப் பொய்ச் சாட்சிகூட வேண்டியதில்லை. எதிராளிக்கு அலுத்துப் போனால் போதும். கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு தேடி, கோர்ட்டு வராந்தாவில் பகலெல்லாம் உட்கார்ந்து, "அடுத்த மாதம் வா" என்று கேட்டுத் திரும்புகிறவள் எத்தனை தடவைதான் வருவாள்? வாச்சாத்திப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வர முடிந்ததற்குக் காரணம், அவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக வந்தார்கள். சங்கத்தாரும் வக்கீல்களும் கூடவே நடந்தார்கள்.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்கு வீட்டிலேயே ஒரு முகாந்தரம் உண்டு. 2024 தை மாதம் அக்காள் மகள் தன் ஆபீசில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி ஒருவர், கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர், முதலாளிக்கு வேண்டியவர். அவர் அவளிடம் நடந்துகொண்ட விதத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. பெண் வாசகர்கள் எழுதாமலே தெரிந்துகொள்வார்கள். 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் இதற்கென்று ஒரு கமிட்டி இருக்க வேண்டும். அதற்கு ஒரு பெண்மணி தலைமை வகிக்க வேண்டும். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும்.

குடும்பம் கூடிற்று. எங்கள் குடும்பம் கூடினால் காப்பி இரண்டு தடவை வரும். அபிப்பிராயம் இருபது தடவை வரும். "பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதற்கு?" என்றார் ஒருவர். "வேறு வேலையா கிடைக்காது?" என்றார் இன்னொருவர். "மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று ஒரு சித்தி கவலைப்பட்டாள். மாப்பிள்ளையோ பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "மாமா, நான் பயப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு, குழந்தையை விட்டுவிட்டு, அதே கதையை அவர்கள் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டுமே, அதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அக்காள் எழுந்தாள். அதுவரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"விசாரணை என்றைக்கு?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை, அம்மா."

"குழந்தை என்னிடம் இருக்கட்டும். மாப்பிள்ளை உன்னோடு வரட்டும். அவருக்கு முடியாத நாளில் நான் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தெரிந்தால் மட்டும் போதுமா?"

விசாரணை நாலு தடவை நடந்தது. அந்தத் தொண்ணூறு நாளில் குழந்தை பாட்டி வீட்டில் நடக்கக் கற்றுக்கொண்டது. 'பாட்டி' என்பதை 'தாத்தி' என்று சொல்லவும் கற்றுக்கொண்டது. புகார் உண்மை என்று கமிட்டி எழுதிற்று. மேலதிகாரி வேலையிலிருந்து விலக்கப்பட்டார். அக்காள் மகளோடு அப்புறம் பேசாமலே இருந்தவர்களும் அந்த ஆபீசில் உண்டு. அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

வாச்சாத்தியையும் இதையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. மலை எங்கே, மடு எங்கே! ஆனால் அங்கும் இங்கும் முறையிட்டவளை விழவிடாமல் தாங்கியது ஒரே காரியந்தான். பெரிய மனிதர்களைக் கூண்டில் ஏற்றுவதற்குப் பெரிய வக்கீலும் நல்ல நீதிபதியும் வேண்டும், வாஸ்தவம். அவர்களுக்கு முன்னால், விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போவதற்கு ஓர் ஆள் வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இப்படி ஒரு நாள் வந்து நின்றால், "இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் தேதியைக் கேளுங்கள்.